எண்ணப்படாத உண்டியல்

திருச்செந்தூர் முருகன் கோயில் உண்டியலைத் திறக்க நாள் உண்டு, எண்ண ஆள் உண்டு, இத்தனை ரூபாய் என்று மறுநாள் பேப்பரிலும் வந்துவிடும். ஆத்தூர், ஏரல், குரும்பூர் பக்கத்துச் சம்சாரி கும்பிட்டுப் போடும் இன்னோர் உண்டியல் இருக்கிறது. அதன் பெயர் வயல். கார், பிசானம் என்று போகம் தவறாமல் டிஏபி உரம் விழுகிறது. எண்ணுவதற்குத்தான் ஆளில்லை.

50 கிலோ மூட்டை, 1,350 ரூபாய். அதில் மணிச்சத்து (பாஸ்பேட்) 23 கிலோ. போட்ட போகத்தில் பயிர் எடுப்பது பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கு. மிச்சத்தைச் சுண்ணாம்பு மண்ணில் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும், செம்மண்ணில் இரும்பு பிடித்துக்கொள்ளும். கடலில் சிப்பி, தனக்குள் புகுந்ததைச் சுண்ணாம்பால் பூசி மூடினால் முத்து என்கிறோம். வயல் அதே வேலையைச் செய்தால் 'சத்துப் பற்றலை, இன்னொரு மூட்டை போடு' என்கிறோம்.

டிஏபி விஷமில்லை. மணிச்சத்தே போடாமல் யூரியாவை மட்டும் கொட்டினாலும் நிலம் கெடும். ஆனால் நெல்லுக்குத் தண்ணீர் கட்டியதும் மண்ணுக்குள் காற்று குறைந்து, இரும்போடு ஒட்டிக் கிடந்த மணிச்சத்து இளகி வேருக்கு வருகிறது. வாழைக்கும் உளுந்துக்கும் போட்டது மிஞ்சிக் கிடக்கும் வயலில், அடுத்த நெல்லுக்குக் குறைத்துக்கொள்ளலாம். இது நேற்று கண்டுபிடித்ததல்ல. ஒரே நிலத்தில் வருஷக்கணக்காக உரம் போட்டுப் பார்க்கும் சோதனையைக் கோயம்புத்தூரில் 1909இலேயே தொடங்கிவிட்டார்கள். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் 1843இல். நூறு வருஷப் படிப்பு கோயம்புத்தூரில் இருக்க, ஏரலில் இன்றும் உரக்கடை வாய்க்கணக்குத்தான். பஞ்சாங்கமாவது வருஷத்துக்கு ஒருமுறை மாறும்.

மண்வள அட்டை இல்லையா என்பீர்கள். 2015இல் வந்தது. அப்போது வைத்த கணக்கு, பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, அதாவது ஆறு ஏக்கருக்கு ஒரு பிடி மண். கடைமடையில் அந்த ஆறு ஏக்கருக்குள் பத்துப் பேர் பங்கு இருக்கும். தெருவில் ஒருவருக்கு ரத்தம் எடுத்து, தெரு முழுக்க ஒரே மாத்திரை கொடுத்தால் அந்த வைத்தியரைச் சும்மா விடுவோமா? இங்கே அவருக்குத் திட்டம் என்று பெயர், விளம்பரம் வேறு.

இனிதான் வேடிக்கை. மணிச்சத்து மிஞ்சினால் பயிருக்குத் துத்தநாகம், அதாவது சிங்க், எட்டாது. வாழை வேரோடு கூட்டுச் சேர்ந்து இரண்டையும் தேடிக் கொண்டுவரும் பூஞ்சையும், வீட்டுக்கே சோறு வரும்போது எதற்கு உழைப்பு என்று ஒதுங்கிவிடும். வாழையில் குருத்திலை வெளிறிக் குறுகும், நெல்லில் துருப்புள்ளி விழும். அப்போது கடையில் என்ன நடக்கிறது?

"அண்ணாச்சி, ரெண்டு மூட்டை டிஏபி."

"சிங்க் ஒண்ணு சேத்து எடுத்தாத்தான் உண்டு அண்ணாச்சி. மேலேயிருந்தே அப்படித்தான் அனுப்புதாவ."

நோயும் மருந்தும் ஒரே கல்லாவில், ஒரே கட்டில்! எந்த மருத்துவக் கல்லூரியிலும் இல்லாத சிகிச்சை. இப்படிச் சேர்த்துக் கட்டக் கூடாது என்று டெல்லியும் சென்னையும் மாறி மாறி எச்சரிக்கின்றன. எச்சரிக்கைக்குக் குறைவே கிடையாது. 2023-24இல் மட்டும் மத்திய அரசின் உர மானியம் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. இவ்வளவு கொட்டியவர்களுக்கு, ஒவ்வொரு வயலிலும் ஒரு பிடி மண் எடுத்துப் பார்க்க மட்டும் மடி வற்றிவிட்டது. கொளுஞ்சி விதைத்து மடக்கி உழுவதும், ஆட்டுக்கிடை போடுவதும், குளத்து வண்டல் அடிப்பதும் மேடைப் பேச்சுக்கு. வயலுக்கு மூட்டை.

இறக்குமதிக் கப்பல் வரவில்லை என்றால் அந்த மூட்டைக்கும் தட்டுப்பாடு. விடியுமுன் வந்து சம்சாரி வரிசையில் நிற்கிறார். பத்து வருஷமாகப் போட்டதில் ஒரு நல்ல பங்கு அவருடைய வயலிலேயே கிடக்கிறது என்று சொல்ல அங்கே ஓர் அதிகாரியும் இல்லை.

சம்சாரி அண்ணாச்சி, அடுத்த தடவை கடையில் சிங்க்கைச் சேர்த்துக் கட்டினால், கட்டாயப்படுத்தித்தான் கொடுத்தோம் என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டார்கள்.