தரம் போடும் அண்ணன்

பாடுகிறவர்களுக்கு பி, பி-ஹை, ஏ, ஏ-டாப் என்று தரம் போடுவது ஆகாசவாணி. அந்த ஆகாசவாணிக்கே தரம் போட கோயமுத்தூரில் ஓர் அண்ணன் இருக்கிறார். வீதிக்கு ஒருவர் இருக்கிறார் என்றாலும் தப்பில்லை. இந்த அண்ணன் பம்ப்செட் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சி ரோட்டு வானொலி நிலையம் பிறந்தது 1966-இல். "நானும் அதே வருசந்தானுங்க" என்பார், பங்காளி மாதிரி.

1954-இல் கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தபோது ஆகாசவாணி தொடங்கிய சங்கீத சம்மேளனம் நம்மூரில் நடக்கிறது என்றால் அண்ணனுக்கு ஒரு வாரம் முன்பே வேலை தொடங்கிவிடும். இலவச அனுமதிதான், ஆனால் அழைப்பிதழ் உண்டு. "ஒரு கார்டு கிடைக்குமாண்ணா?" என்று எத்தனை பேர் தன்னிடம் கேட்டார்கள் என்பது முதல் அளவுகோல். அவரிடம் இருப்பதே ஒரு கார்டுதான். அது வேறு விஷயம்.

கொடிசியா வளாகத்தில் தனியார் எப்.எம்.காரர்கள் நடத்தும் சினிமாப் பாட்டுக் கச்சேரிப் பக்கம் போக மாட்டார். அங்கே வெற்றி தோல்வியை டிராபிக் போலீஸே சொல்லிவிடுவார். அண்ணனுக்கு என்ன மரியாதை?

வானொலியின் குரல் தேர்வில் நடுவர்கள் முகத்தைப் பார்க்காமல் பாட்டை மட்டும் கேட்பார்கள். அண்ணன் பாட்டைக் கேட்காமல் முகங்களை மட்டும் பார்ப்பார். மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்து, வர்ணம் முடிவதற்குள் நான்கு முறை பின்னால் திரும்பி நாற்காலிகளை எண்ணிவிடுவார். முன்வரிசை சோபாவில் எந்த அதிகாரி வந்தார், வந்தவர் சம்சாரத்தோடு வந்தாரா, எந்த மில் முதலாளி வரவில்லை என்பதெல்லாம் மனக்கணக்கு. தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகிறவர்களைத் தனியாக எண்ணுவார். "போனவிங்க பத்தொம்பது. திரும்பி வந்தவிங்க ஏழு. ஒரு காப்பித்தண்ணி வெச்சிருந்தா அத்தனை பேரும் வந்திருப்பாங்களுங்க."

"தோடி எப்படிங்ண்ணா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"கடைசி வரிசை வரைக்கும் எட்டுச்சுங்க. பிரசர் குறையவே இல்லீங்க."

இவ்வளவு சொன்னதால் அண்ணனுக்குச் சங்கீதம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். எந்த இடத்தில் இருமினால் கேட்கும் என்பது அவருக்கு அத்துப்படி. பதிவு நடக்கிறது, செல்போனை அணைத்துவிடுங்கள் என்று அறிவிப்பாளர் கெஞ்சியிருக்கிறார். தோடி ஆலாபனை தார ஸ்தாயிக்குப் போய், வயலினும் மூச்சைப் பிடித்து நிற்கிற நேரம். "க்க்கும்!" மேடையில் பாடகர் கண்ணைத் திறந்து மூடினார். அண்ணன் அசையவில்லை. இந்தச் சம்மேளனம் உள்ளூருக்கு மட்டும் ஒலிபரப்பாவதல்ல, நாடு முழுவதும் போவது. காஷ்மீரில் குளிருக்குப் போர்த்திக்கொண்டு கேட்பவர் காதிலும் ஒரு கோயமுத்தூர்க்காரர் விழுந்தாக வேண்டுமல்லவா?

வெளியே வந்ததும் வண்டி நிறுத்துமிடத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. "சக்சஸுங்க. போன தடவைக்கு இது எவ்வளவோ தேவலை." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவர்களும் போன தடவை வரவில்லை.

சில வாரம் கழித்து ஒலிபரப்பு. ஒறம்பரை எல்லாம் கூடத்தில். டிரான்சிஸ்டர் முள் 999-இல். "தோடி வரட்டும், சத்தம் போடாம கேளுங்க" என்று மச்சானை அதட்டி, அம்மிணியை அடுப்பங்கரையிலிருந்து கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். தோடி வந்தது. மேலே போனது. வயலின் மூச்சைப் பிடித்தது. அண்ணன் விரலை உயர்த்தினார்.

சுத்தமான தோடி. நிலையத்தில் யாரோ ஒரு கடமை தவறாத எடிட்டர், கத்தரி போட்ட தடயமே தெரியாமல் வேலையை முடித்திருந்தார்.

மறுநாள் அன்னபூர்ணா ஓட்டலில் சாம்பாரில் இட்லியை மூழ்கடித்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே சொன்னார்: "கச்சேரி பெயிலுங்க."

"ஏனுங்ண்ணா, அன்னைக்கு சக்சஸ்னீங்க?"

"அது ஹால்லீங்க. ரேடியோக் கச்சேரிய ரேடியோவுல கேட்டுத்தானுங்க சொல்லோணும்."