கரண்ட் பில்லில் குடியிருக்கும் வாடகை: மடவளை நோக்கில் ஓர் ஆய்வு

மடவளை பஸாரின் அறிஞர் உலகம் இதுவரை தீர்த்துவைக்காத புதிர் ஒன்று உண்டு. டுபாயில் வேலைசெய்யும் கணவர் டிசம்பர் முழுக்க ஏசியைத் தொடாமலே இருந்தாலும் அவருடைய கரண்ட் பில் ஏன் இறங்க மறுக்கிறது? வட்ஸ்அப்பில் பில்லின் படத்தைப் பார்த்த மனைவி, “அங்க ஒருத்தருக்கும் லைட்ட ஓஃப் பண்ணத் தெரியாதா?” என்று கேட்கிறார். கணவரிடம் பதில் இல்லை. இந்த மௌனமே நமது ஆய்வின் முதன்மைச் சான்று.

டுபாயில் மின்சாரமும் நீரும், எல்லோரும் ‘டீவா’ என்று சொல்லும் ஒரே அதிகாரசபையிடமிருந்துதான் வருகின்றன. அங்கிருந்த மின்சாரக் கம்பனியையும் நீர்த் திணைக்களத்தையும் இணைத்து 1992 ஜனவரி 1 அன்று அது உருவானது. அதன் பில்லில் மின்சாரம், நீர், கழிவுநீர் ஆகியவற்றோடு ‘ஹவுசிங் ஃபீ’ என்று ஒரு வரியும் குடியிருக்கிறது. அது டீவாவின் காசு அல்ல, மாநகரசபையின் காசு. வசூலித்துக் கொடுப்பது மட்டுமே டீவாவின் வேலை.

கணக்கு எளிது. வருட வாடகையில் 5 சதவீதம். அதை 12 மாதங்களுக்குப் பங்கிடுவார்கள். வாடகை எவ்வளவு என்பதை ‘இஜாரி’ எனப்படும் ஒப்பந்தப் பதிவு காட்டிக்கொடுத்துவிடும். வாடகை 60,000 திர்ஹம் என்றால் வருடத்துக்கு 3,000, மாதத்துக்கு 250. டொலரை 300 ரூபா என்று வைத்தால் இந்த 250 திர்ஹம் ஏறத்தாழ 20,000 ரூபா. (எதையும் ரூபாவில் பெருக்கிப் பார்த்துவிட்டே அதிர்ச்சியடைவது நமது ஆய்வு மரபு.) லைட்டை அணைத்தாலும், குளிக்காமல் இருந்தாலும், லீவு போட்டு ஊருக்கே வந்துவிட்டாலும் இந்தத் தொகை அசையாது. ஆகவே மனைவியின் கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது. கணவர் விடுதலை செய்யப்படுகிறார்.

ஒரே ஃப்ளாட்டைப் பலர் பங்குபோட்டு வாழும்போதுதான் தத்துவச் சிக்கல் தொடங்குகிறது. கரண்டை ஆளுக்குச் சமமாகப் பிரிப்போம் என்பார் ஒருவர். இரவு வேலைக்குப் போகிறவர் பகலெல்லாம் ஏசியில் தூங்குவதால் அவருக்குக் கூடுதல் என்பார் இன்னொருவர். இந்த வாதங்கள் எல்லாம் ஹவுசிங் ஃபீயின் முன்னால் செல்லாக்காசு. அது தூக்கத்தை அளப்பதில்லை, வாடகையை அளக்கிறது. பெரிய அறைக்குக் கூடுதல் வாடகை கொடுப்பவரே இதிலும் கூடுதல் கொடுக்க வேண்டும் என்பதே இவ்வாய்வாளரின் துணிபு. பெரிய அறைக்காரர்கள் இதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

இனி ஊருக்கு வருவோம். மடவளை, பாததும்பறை பிரதேச சபைக்கு உட்பட்டது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி, அபிவிருத்தியடைந்த பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்திலுள்ள வீடுகளுக்கு வரிப்பணம் விதிக்கலாம். அளவுகோல் இங்கேயும் வாடகைதான்: வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன கிடைக்கும் என்ற மதிப்பு. டுபாய்க்காரர் உண்மையிலேயே கொடுக்கும் வாடகைக்கு வரி கட்டுகிறார்; மடவளைக்காரரோ தன் வாப்பா கட்டிய வீட்டில் தானே குடியிருந்துகொண்டு, யாரும் கொடுக்காத வாடகைக்கு வரி கட்டுகிறார். கற்பனை வளத்தில் நமது சட்டமே உயர்ந்தது.

வசூலில் மட்டும் டுபாயை நெருங்க முடியாது. ஹவுசிங் ஃபீயைத் தவிர்த்துவிட்டு மீதிப் பில்லை மட்டும் கட்டப் பார்த்தால் கரண்டே போய்விடும். பிரதேச சபைக்கு வெட்டுவதற்கு வயர் கிடையாது. வாறண்டு அனுப்பலாம், அசையும் சொத்தைக் கைப்பற்றலாம். தேர்தலை எதிர்நோக்கும் எந்தச் சபை உறுப்பினர் வாக்காளர் வீட்டு சோபாவைத் தூக்கப் போகிறார்?

வயரின் மகிமைக்கு இத்தாலியும் சாட்சி. அங்கே தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தைக் கால்வாசிக்கும் அதிகமான குடும்பங்கள் கட்டாமல் இருந்தன. 2016இல் அதைக் கரண்ட் பில்லோடு சேர்த்தார்கள். ஏய்ப்பு பெருமளவு ஒழிந்தது. கண்டி மாநகரசபையோ 1865இல் தோன்றிய பழம்பெரும் சபை. நகரத்துக்குத் தானே நீரும் வழங்குகிறது. வெட்டுவதற்குக் குழாய் கையில் இருந்தும் தண்ணி பில் வேறு, வரிப்பணம் வேறு என்றே வைத்திருக்கிறது.

நமது பில்களும் முழுக்கப் பரிசுத்தமானவை அல்ல. கரண்ட் பில்லில் 2022 ஒக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்பு வரி ஏறியிருக்கிறது. தண்ணி பில்லில் பெறுமதி சேர் வரி இருக்கிறது. 2024 ஜனவரியில் அது 18 சதவீதமானது. இரண்டும் கொழும்புத் திறைசேரிக்குப் போகின்றன. நமது ஒழுங்கை லைட்டுக்கு அவற்றால் நேரடிப் பயன் இல்லை.

இவ்வாய்வாளரின் தீர்ப்பு தனிப் பில்லுக்கே. வரிப்பணத்தைக் கட்டப் போகிறவர், “எங்கட ஒழுங்கைக்கு எப்ப லைட் போடுவீங்க?” என்று சபைக் கவுண்டரில் கேட்டுவிட்டாவது வரலாம். டீவா பில்லில் அதற்கு இடமில்லை. பணம் வங்கியிலிருந்து தானாகவே போய்விடும்.

வாசகர்கள் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளலாம். ஊரில் இருப்பவர்கள் வருட வரிப்பணம் முழுவதையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 சதவீதம் கழிவு. காலாண்டுக்கு ஒருமுறை கட்டுபவர்கள் அதன் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம். டுபாயில் இருப்பவர்கள் மாத ஹவுசிங் ஃபீயை 240ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும்; விடை உங்கள் வருட வாடகைக்குச் சமமாக வராவிட்டால், இஜாரியையும் பில்லையும் எடுத்துக்கொண்டு போய் விசாரியுங்கள்.