தொட்டியில் போடலாமா?

கேள்வி: மாடியில் உரத்தொட்டி வைத்ததிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் பேசுவதில்லை. ஜன்னலையும் சாத்திவிடுகிறார்.
- இல்லத்தரசி, நாட்றம்பள்ளி

பதில்: அக்கா மேல் தப்பில்லை. மிஞ்சிய சாம்பாரை அப்படியே கவிழ்த்திருப்பீர்கள். காய்கறித் தோல், பழச்சக்கை, சோறு எல்லாமே ஈரம். அந்த ஈரம் இண்டு இடுக்கையெல்லாம் அடைத்துக்கொண்டால் உள்ளே காற்று போகாது. காற்றில்லாமல் வாழும் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அவை விடும் நாற்றம்தான் அக்கா வீட்டுக்குப் போகிறது. ஒரு படி ஈரக்குப்பை போட்டால், மேலே இரண்டு படி காய்ந்த சருகு, கிழித்த அட்டைப்பெட்டி, தென்னை நார் என ஏதாவது போட்டு மூடுங்கள். வாரம் இரண்டு முறை கிளறுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிய வேண்டும். ஒழுகினால் சருகு போதவில்லை. உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்கலாம். நாற்றம் நின்றதும் அக்காவுக்கு ஒரு கட்டு கீரை கொடுத்தனுப்புங்கள், ஜன்னல் திறக்கும்.

கேள்வி: எந்தத் தொட்டி வாங்குவது? ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்களே!
- வியாபாரி, ஜோலார்பேட்டை

பதில்: ஓட்டைத் தண்ணீர் டிரம் போதும். ஓட்டை போதாது என்றால் அடியிலும் பக்கவாட்டிலும் இன்னும் சில போடுங்கள். இரண்டு செங்கல் மேல் ஏற்றி, அடியில் தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பரப்பி, ஒரு கை சாணியோ புளித்த மோரோ கரைத்துத் தெளித்தால் வேலை ஆரம்பம். மூடி அவசியம், எலிக்காக.

கேள்வி: நான் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். வெட்டி மிஞ்சிய தோல் துண்டுகளைத் தொட்டியில் போடலாமா? மாட்டுச் சாணியைப் போடலாம் என்றால் மாட்டுத் தோலை ஏன் போடக்கூடாது?
- தொழிலாளி, ஆம்பூர்

பதில்: சாணிக்கும் உங்கள் தோலுக்கும் நடுவில் ஒரு டேனரி இருக்கிறதே ஐயா! பச்சைத்தோல் தானாக அழுகிவிடும். அழுகாமல் தடுப்பதற்குப் பெயர்தான் பதனிடுதல். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, இப்போது பெரும்பாலும் குரோமியம் உப்பு. அது தோலிலுள்ள புரதத்தை இறுக்கிக் கட்டிவிடுவதால் கிருமிகளால் எளிதில் பிரித்துத் தின்ன முடிவதில்லை. மழையிலும் வெயிலிலும் பல வருடம் உழைக்கவேண்டும் என்று செய்த பொருள் மூன்று மாதத்தில் மக்குமா? அப்படியே மக்கினாலும் குரோமியம் எங்கும் போகாது, உங்கள் கத்தரிச் செடியின் வேரடியிலேயே உட்கார்ந்திருக்கும். டேனரிக் கழிவால் பாலாற்றுப் பக்கத்து மண்ணும் கிணறும் பட்ட பாட்டை வேலூர்க்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்று 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. உங்கள் பாத்தியை நீங்களே கெடுத்தால் யார் மேல் வழக்குப் போடுவீர்கள்?

கேள்வி: பிரியாணி எலும்பு?
- வாசகர், வாணியம்பாடி

பதில்: தெருநாய்க்கு விருந்து வைக்கும் எண்ணமிருந்தால் போடலாம். கூட வரும் கத்தரிக்காயை மட்டும் போடுங்கள், மிஞ்சினால்.

கேள்வி: இதெல்லாம் வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த வித்தைதானே?
- ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருப்பத்தூர்

பதில்: கொடுத்ததை விட வாங்கிக்கொண்டது அதிகம், சார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்ட், நம் விவசாயிகளைத் தன் ஆசிரியர்கள் என்றே சொன்னவர். சருகு, சாணி, மண் என்று அடுக்கிக் கிளறும் முறையை ஒழுங்குபடுத்தி ‘இந்தூர் முறை’ என்று உலகுக்குச் சொன்னார். ஊர் பெயரை வைத்தாரே, அந்த மட்டில் நல்ல மனிதர். நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. வேலூர் சீனிவாசன் என்றால் குப்பை மேலாண்மை வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். காய்கறிக் கழிவை அழுகுவதற்குள் மாட்டுக்குக் கொடு, மிச்சத்தை உரமாக்கு என்பது அவர் வழி. சத்தீஸ்கரின் அம்பிகாபூரில் மகளிர் குழுக்கள் அவர் வழிகாட்டலில் ஊரையே சுத்தமாக்கின. வேலூர்ச் சரக்கு சத்தீஸ்கரில் விலை போகிறது, உள்ளூரில் நாம் குப்பை கொட்ட இன்னும் பாலாற்றங்கரையைத் தேடிப் போகிறோம்.

கேள்வி: என் தொட்டி உரத்தைப் போட்ட இடத்திலெல்லாம் தக்காளி முளைக்கிறது. ஆசீர்வாதமா, அபசகுனமா?
- மாணவி, நாட்றம்பள்ளி

பதில்: சூடு போதவில்லை என்று அர்த்தம். பெரிய குவியல் 55 டிகிரிக்கு மேல் கொதித்து விதைகளைக் கொன்றுவிடும். வீட்டு டிரம் அவ்வளவு சூடேறாது. இருக்கும் விலையில் ஆசீர்வாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேரூராட்சி வண்டிதான் வருகிறதே, நான் ஏன் சிரமப்பட வேண்டும்?
- வாசகர், நாட்றம்பள்ளி

பதில்: திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி குப்பையைப் பிரித்துக் கொடுப்பது உங்கள் கடமை, வண்டியோடு வருபவர் வேலையல்ல. தொட்டி வைக்க இடமில்லை என்றால் பரவாயில்லை, மக்குவதைத் தனி வாளியில் கொடுங்கள். டயப்பரையும் நாப்கினையும் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். உங்களுக்குப் பதிலாக அதைப் பிரிப்பது ஒருவருடைய வெறுங்கை.