மினுக்குறவன் மாட்டிக்குவான்

வா அப்புனு, திண்ணையில உக்காரு. மில்லுல ப்ளோரூம் சூப்பர்வைசர் ஆயிட்டீன்னு உங்கம்மா ஒறம்பரை வீடெல்லாம் சொல்லிட்டுத் திரியறா. "யூவி சென்சார் வெச்சுட்டோம் அப்பச்சி, இனிமே பஞ்சுல ஒரு நூல் பிளாஸ்டிக்குத் தப்பாது"ன்னு நீ வேற அளந்து விட்ட. அப்ப நான் வாயத் தொறக்கல. சோத்துக்கு முன்னால ஆருகூடயும் சண்ட போடக்கூடாதுன்னு வெச்சிருக்கறேன்.

நானும் அதே மில்லுல கோன் அடுக்குனவன்தான். பேக்கிங்ல ஒரு இருட்டு ரூமு. கோனையெல்லாம் யூவி விளக்குக்கு அடியில நிறுத்துவோம். வெளிய எல்லாமே ஒரே வெள்ளையாத் தெரியும். உள்ள போனா ஒண்ணு மட்டும் வேற சாயல்ல முழிக்கும். வேற மிக்ஸிங் பஞ்சுல ஓட்டுன நூலு! அதத் திருப்பூருக்கு அனுப்பி வெச்சா, பின்னிச் சாயம் போட்ட பொறவு துணி பூராப் பட்டை பட்டையா நிக்கும். அப்பத்த கண்ணு எங்களுது. இப்ப மிசினு பாக்குது, அவ்வளவுதான்.

அது பாக்கறது எப்படின்னு கேட்டா நீ முழிப்ப. சரி, நானே சொல்றேன். நம்ம கண்ணுக்குத் தெரியாத 365 நானோமீட்டர் வெளிச்சத்தப் பஞ்சு மேல அடிக்குது. பஞ்சோட கலந்து வர்ற பிளாஸ்டிக் உரச்சாக்கு இழையில வெளுப்பேத்தி கலந்திருந்தா, அந்த வெளிச்சத்தக் குடிச்சுட்டு நீல வெளிச்சமாத் திருப்பித் துப்பும். சோப்புத்தூள்ல வெளுத்த என் வேட்டியும் அதே வேலையத்தான் செய்யுது. கல்யாண மேடை நீல லைட்டுல மாமன் மச்சானெல்லாம் பளபளன்னு நிக்கறது அழகுல இல்ல அப்புனு. நீல ஒளியக் கண்டதும் காத்து வால்வு 'டப்'னு அடிச்சு அந்தக் கொத்தக் கழிவுப் பெட்டிக்குத் தள்ளிருது.

இதப் புதுசுன்னு நெனச்சுக்காதே. 1852ல ஸ்டோக்ஸ்னு ஒரு வெள்ளக்காரத் தொரை கொய்னாக் கரைசல வெச்சு இதையே செஞ்சு காட்டுனாரு. வெயிலு உள்ள வர சர்ச்சு ஜன்னல் நீலக் கண்ணாடி, பாக்கற பக்கம் ஒரு கிளாஸ் ஒயின். நீலக் கண்ணாடி வேண்டாத வெளிச்சத்தத் தடுக்க, ஒயின் அடிச்ச வெளிச்சத்தையே தடுத்துட்டு ஒளிர்றத மட்டும் விட. உன் சென்சாருக்குள்ளயும் அப்படி ரெண்டு வடிகட்டிதான் இருக்குது. ஒயின் மட்டும் இல்ல, பாவம்.

இப்ப என் யோசனையக் கேளு. மைனர் செயினும் மோதரமுமாத் திருட வர்றவன எந்த ஊர்க்காவலும் புடிச்சுரும். வெளுப்பேத்தி இல்லாத சாக்கு இழை, சணல், தலமயிரு, கோழி றெக்கை, இதெல்லாம் உன் யூவி கண்ணுக்குப் பொட்டாட்டம் பஞ்சாட்டமே போயிரும். நெறத்துக்குத் தனிக் கேமரா, வெள்ளையாவோ கண்ணாடியாட்டவோ இருக்கற பிளாஸ்டிக்குக்குத் துருவ ஒளின்னு தனித்தனியா வெக்கோணும். விக்க வந்தவன் ஒரு டப்பாவக் காட்டி "எல்லாம் மாட்டும்"னு சொன்னா, டீ வாங்கிக் குடுத்து அனுப்பிரு. டீ நம்ம கணக்கு.

சென்சிட்டிவிட்டின்னு ஒண்ணு இருக்குதே, அங்கதான் உன் சாமர்த்தியமே. எச்சா வெச்சா வால்வு ஓயாம அடிக்கும், ஒவ்வொரு அடிக்கும் நல்ல பஞ்சும் சேந்து போகும், மாசக் கடைசியில முதலாளி கழிவுக் கணக்கப் பாத்து உன்னய உரிப்பாரு. கொறச்சு வெச்சுப் பாரு! வால்வு சத்தமே இருக்காது. ரிப்போர்ட்டுல கண்டாமினேஷன் கம்மி. முதலாளி முதுகுல தட்டுவாரு, தீபாவளிக்கு டபுள் போனஸ் கேளு. அந்தச் சாக்கு இழை பஞ்சுச் சாயத்த ஏத்துக்காதே, அதனால செவப்புப் பனியன்ல வெள்ளக் கோடா முழிக்கும். அதுக்குள்ள நீ வேற மில்லுக்குப் போயிருப்ப. உன் சீட்டுல உக்காந்தவன் திட்டு வாங்குவான். இப்படித்தான் பல பேரு மேனேஜர் ஆயிருக்கறாங்க.

கண்ணாடியத் தொடைக்கவும் தொடைக்காதே. ப்ளோரூம்ல பறக்கற பஞ்சு சென்சார் கண்ணாடியில படிஞ்சா அதுவும் அமைதியாயிரும், முதலாளிக்கு அமைதின்னா புடிக்கும். ஷிப்டுக்கு ஒருக்கா ஒரு துண்டு வெள்ளச் சாக்கப் பஞ்சோட போட்டு, வால்வு அடிக்குதான்னு பாக்கறவன் ஒருத்தன் இருப்பான். அவங்கூடச் சேராதே, கெட்டுப்போயிருவ.

இன்னொண்ணு. அந்தப் பிளாஸ்டிக்கு வானத்துலருந்தா விழுகுது? காட்டுல பருத்தி எடுக்கற பொம்பளைங்க கையில ஆரோ பழைய யூரியாச் சாக்கத்தான குடுத்து அனுப்பறான்? வாயக் கிழிச்சா இழை இழையாப் பஞ்சோட போகும். 2000ல மத்திய அரசு பருத்தித் தொழில்நுட்ப இயக்கம்னு ஒண்ண ஆரம்பிச்சு ஜின்னிங்கு, மார்க்கெட் களமெல்லாம் செப்பனிட்டுச்சு. சாக்கு மட்டும் சாக்காவே இருக்குது. ஆளுக்கொரு பருத்தித் துணிப் பையத் தச்சுக் குடுக்க என்ன செலவாகும்னு உங்க முதலாளியக் கேட்டுப் பாரேன். கேட்டுட்டு அடுத்த நாள் வேலைக்குப் போனயான்னு எனக்கும் சொல்லு.

சரி, நேரமாச்சு, எந்திரி. அடுத்த வாரம் வாறப்போ டவுன்ல ஒரு யூவி டார்ச்சு வாங்கிட்டு வா, மில்லுல எடுத்துட்டு வந்துராதே. கல்லுக்கட்டுல தேளு நெறைய ஏறியிருக்குது, அந்த வெளிச்சம் பட்டா பச்சையும் நீலமுமா மினுக்கும். உங்க பாட்டி நம்ப மாட்டேங்கறா. அஞ்சு ரூவா பந்தயம் கட்டியிருக்கறேன்.