மாசியில் வந்த மாம்பழம்

கேள்வி: மாசி மாதமே கடையில் மாம்பழம் மஞ்சளாய்ச் சிரிக்கிறதே, வாங்கலாமா?

பதில்: மாமரம் மார்கழி, தை வாக்கில் பூக்கும். பூ காயாகி முற்ற மூன்று, நான்கு மாதங்கள் வேண்டும். மாசியிலேயே பழுத்திருந்தால் அவசரம் மரத்துக்கல்ல, வியாபாரிக்கு!

விதிவிலக்கும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் மற்ற ஊர்களில் மா ஓய்ந்திருக்கும் காலத்திலும் காய்ப்பு இருக்கிறது. அந்தப் பழத்தைச் சந்தேகிப்பது பாவம்.

மற்றபடி, தோல் முழுக்க ஒரே மஞ்சள், மூக்கருகே கொண்டுபோனால் மணமே இல்லை என்றால் கூடையிலேயே வைத்துவிடுங்கள். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி குற்றம்; அந்தக் கல்லில் ஆர்சனிக் கலந்திருக்கக்கூடும். எத்திலீன் வாயுவுக்கு மட்டும் வரம்போடு அனுமதி உண்டு.

சித்திரை வரட்டும். பங்கனப்பள்ளி வரும், பின்னாலேயே சேலத்து இமாம்பசந்தும் மல்கோவாவும் வரும். எல்லோரும் போன பிறகு, ஆனி வாக்கில் நீலம் நிதானமாக வந்து சேரும். அதற்குள் நாவற்பழமும் சந்தைக்கு வந்திருக்கும், குற்றாலத்தில் சாரலோடு மங்குஸ்தானும் இறங்கியிருக்கும்.