எல்லா எஞ்சினுக்கும் பெயர் மூன்று

எங்கள் வீட்டில் நடந்த ரயில் விபத்தில் உயிர்ச்சேதம் இல்லை. சாம்பார்ச் சேதம் மட்டும்தான்.

ஜெர்மனியில் இருக்கும் மாப்பிள்ளை லீவுக்கு வந்தபோது இரண்டு டிஜிட்டல் பொம்மை எஞ்சின்களும் ஒரு கன்ட்ரோலரும் கொண்டுவந்தார். பொம்மை என்றால் அவருக்குக் கோபம் வரும், 'எச்.ஓ. மாடல்' என்று சொல்ல வேண்டும். நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு. கன்ட்ரோலரின் பெயரைச் சொல்லமாட்டேன். மாப்பிள்ளை வாங்கித் தந்தது.

அதுவரை என்னிடம் இருந்தது பழைய டி.சி. குமிழைத் திருகினால் தண்டவாளத்தில் வோல்டேஜ் ஏறும், வண்டி நகரும். இரண்டு எஞ்சின் நின்றால் இரண்டும் ஒரே பக்கம் போகும். டிஜிட்டலில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம். கட்டளையும் அதிலேயே எண்களாகப் போகிறது. எஞ்சின் வயிற்றில் டீகோடர் என்று ஒரு சில்லு; தன் நம்பரைக் கேட்டால்தான் அசையும்.

இங்கேதான் வினை. புது எஞ்சின்கள் பெரும்பாலும் 3 என்ற நம்பரோடுதான் வருகின்றன. தெருவில் எல்லாப் பையன்களுக்கும் முருகன் என்று பெயர் வைத்த மாதிரி. இது தெரியாமல் சாப்பாட்டு மேஜையில் இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி, 3ஐக் கூப்பிட்டு, முன்னால் போகச் சொன்னேன். டிஜிட்டலில் 'முன்னால்' என்றால் அந்தந்த எஞ்சினின் மூக்கு இருக்கும் பக்கம். இரண்டு முருகன்களும் சொன்ன பேச்சைக் கேட்டார்கள்.

நிறுத்தப் பார்த்தேன். இருபது பொத்தான்கள், எல்லாம் ஒரே அளவு, ஒரே கறுப்பு. மூக்குக்கண்ணாடி அடுத்த அறையில். முதலில் அழுத்தியதில் விளக்கு எரிந்தது, அடுத்ததில் ஹாரன் அடித்தது. ஆக, முறைப்படி விளக்குப் போட்டு, ஹாரன் அடித்து, மோதிக்கொண்டன. ஒன்று சாம்பார்க் கிண்ணத்தின் மேல் சாய்ந்தது.

"என்னங்க, நிறுத்துறதுக்குன்னு ஒரு பட்டன் வைக்க மாட்டானா? மிக்ஸியில கூட இருக்கே" என்றாள் மனைவி. கன்ட்ரோலர்களைப் பற்றி நான் படித்த விமரிசனங்களில் இவ்வளவு தெளிவாக எதுவும் இல்லை.

நம்பரை மாற்ற உட்கார்ந்தேன். டீகோடருக்குள் சி.வி. என்று எண்ணிட்ட சின்னச் சின்ன அறைகள். 29ஆம் அறையில் போடுவது ஒரு கூட்டுத்தொகை: திசையைத் திருப்ப 1, 28 படி வேகத்துக்கு 2, பழைய டி.சி.யிலும் ஓட 4, நீள நம்பருக்கு 32. எனக்கு வேண்டியது 38. போட்டது 39. வண்டி பின்பக்கமாகக் கிளம்பியது. அதோடு இரண்டும் ஒரே தண்டவாளத்தில் நின்றதால் இரண்டுக்கும் அதே புது நம்பர் பதிவாகியிருந்தது. இந்த வேலையைத் தனித் துண்டுத் தண்டவாளத்தில், ஒவ்வொன்றாக வைத்துச் செய்யவேண்டுமாம். குறிப்பேட்டில் இருந்தது, நான் படிக்கவில்லை.

பல டீகோடர்களில் 8ஆம் அறையில் 8 போட்டால் பழைய நிலை திரும்பும். எட்டு ஆகாது என்று போன் நம்பரையே மாற்றிய குடும்பம் எங்களுடையது. கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். மறுபடி இரண்டு முருகன்கள்.

நம்பர் இருக்கட்டும், சுலபமாக நிறுத்த முடிகிற வேறு கன்ட்ரோலர் தேடினேன். செல்போனிலேயே ஓட்டலாம் என்றார்கள். வழவழ கண்ணாடியில் விரலுக்கு எதுவும் தட்டுப்படாது. திரையைப் பார்த்தால் ரயில் தெரியாது. வண்டி வளைவில் திரும்பும்போது "சார், பர்சனல் லோன் வேணுமா?" என்று ஒரு பெண் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டி தரையில்.

கடைசியில் ஒரு நண்பர் வீட்டில் மல்டிமவுஸ் என்ற கன்ட்ரோலர் கிடைத்தது. மவுஸ் என்றால் ஜெர்மன் மொழியில் எலி; பிள்ளையாருக்கே வண்டியோட்டும் பிராணி. ரோகோ கம்பெனி சரக்கு. கையில் அடங்கும் உடம்பு, நடுவில் பெரிய குமிழ். வலப்பக்கம் திருகினால் முன்னால், இடப்பக்கம் பின்னால், நட்டநடுவில் நின்றுவிடும். நிறுத்தத் தனிப் பொத்தானும் உண்டு. ஏழு வயதுப் பேத்தி ஒரு நிமிஷத்தில் ஓட்டினாள். முக்கியம், நிறுத்தினாள். அதையே வாங்கினேன்.

எஞ்சின்களை மாற்றவேண்டியிருக்கவில்லை. லென்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் முறையை அமெரிக்க மாடல் ரயில்காரர்களின் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. 1990களில் பொதுத் தரமாக்கிவிட்டது. அதைப் பின்பற்றும் ஒரு கம்பெனியின் எஞ்சின் இன்னொரு கம்பெனியின் கன்ட்ரோலருக்கும் கட்டுப்படும். சம்பந்தி வீட்டாரிடையே இப்படி ஒரு ஒப்பந்தம் யாரும் போட்டதில்லை.

நீங்களும் வாங்கப் போகிறீர்களா? கடைக்காரரை ஓட்டிக்காட்டச் சொல்லாதீர்கள். அவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, கன்ட்ரோலரைக் கையில் வாங்கி, நீங்கள் நிறுத்திப் பாருங்கள்.