கீசர் ஒயரின் தடிமன்: ஒரு பாடபேத ஆராய்ச்சி

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், குளியலறைக் கீசருக்கு எந்தத் தடிமனில் ஒயர் இழுக்க வேண்டும் என்பதை உணர்த்துதல் நுதலிற்று. விடை ஒரே வரி: வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர், வீட்டுக் கீசர் பெரும்பாலானவற்றுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். ஒரு வரியில் முடிவது ஆராய்ச்சி ஆகாது. அதற்கு முனைவர் பட்டமும் தரமாட்டார்கள். ஆகவே அவ்வரியை இங்கேயே புதைத்துவிட்டு மேலே செல்வோம்.

கீசர் இருவகைத்து: தேக்கிச் சுடுவது, உடனே சுடுவது. 2000 வாட் தேக்கக் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13. உருவில் சிறியது தீனியில் பெரியது என்பது இதனாற் பெறப்படும். கேஸ் கீசர் ஈண்டுக் கூறப்படாது.

எம் ஆய்வுக்கு மூலம், எலக்ட்ரீசியன் எழுதித் தந்த சாமான் சீட்டு. நாள்காட்டித் தாளின் பின்பக்கம். ஒரே கை, ஒரே பென்சில், இரண்டு டீக்கறை. முதல் வரி: ‘7/20 ஒரு காயில்.’ காயில் என்பது 90 மீட்டர்ச் சுருள்; அதில் கருத்து வேறுபாடு இல்லை என்பதால் அதைப்பற்றி எவரும் எழுதவில்லை. 7/20 அப்படியன்று.

அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் சென்று மீண்டோர் இதைத் தேதி என்பர். ஜூலை 20 என்று பொருள் கொள்வர். தாளின் முன்பக்கமோ கார்த்திகை மாதம். எனவே எழுத்து முந்தையது, காகிதம் பிந்தையது என்று முடித்தார்கள் (சீட்டு, முன்பக்கம், ராகுகாலத்துக்குக் கீழே). பிறிதொரு சாரார் இது பின்னம் என்பர்: இருபது பங்கில் ஏழே கிடைத்தன, பதின்மூன்றைக் கடல் கொண்டது. சான்று என்னையோ எனின், அவை இன்று கிடையாமையே சான்று.

மூன்றாம் சாரார்தாம் துறையை வளர்த்தவர்கள். மூலபாடம் ‘7/22’ என்றும், கடைசி இரண்டின் வால் டீக்கறைக்குள் போய்விட்டதால் சுழியாகத் தோன்றுகிறது என்றும் கொண்டார்கள் (சீட்டு, முதல் வரி, பெரிய கறைக்கு வடகிழக்கு). கறை எழுத்துக்குப் பிந்தியது என்று மறுத்தார்கள் சிலர் (மேற்படி, கறையின் விளிம்பு; வெயிலில் சாய்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடி நோக்குக). கறை ஈரடுக்கு உடையது, கீழடுக்கு இஞ்சி டீ, ஆகவே சீட்டின் காலம் இஞ்சி விலை ஏறுவதற்கு முன் என்று காலவரையறை செய்வாரும் உளர் (மேற்படி, கீழடுக்கு, முகர்ந்து அறிக, சளி பிடித்தோர் முகர்ந்தவரைக் கேட்டு அறிக). இத்தனை பேரில் ஒருவரும் ஒயரைத் தொட்டதில்லை. தொட்டால் நடுநிலை கெடும் என்பது எம் துறையின் கொள்கை. நூலின் காலத்தை இருநூறு ஆண்டு முன்பின் நகர்த்தும் அறிஞர்களுக்கு மாலை போடுகிறோமே, ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும்?

எலக்ட்ரீசியனையே கேட்டிருக்கலாம். ஆசிரியர் உயிரோடு இருக்கையில் அவரிடம் பொருள் கேட்பது ஆராய்ச்சி மரபன்று. என் மனைவிக்கு அம்மரபு தெரியாது, கேட்டுவிட்டாள்.

“இருபதாம் நம்பர் கம்பி ஏழு இழைம்மா. பழைய கணக்கு. இப்ப கடையில நாலு ஸ்கொயர் எம்எம்னு கேளுங்க. பக்கத்துல இருந்தா ரெண்டரையே போதும். உங்க வீட்ல மெயின் போர்டு வாசல்ல, பாத்ரூம் கொல்லையில.”

விசாரித்ததில் உண்மை. 1884-இல் பிரிட்டனில் சட்டமான கம்பி எண் முறை அது. இருபதாம் எண் கம்பி 0.914 மில்லிமீட்டர் குறுக்களவு, ஏழு இழை சேர்ந்தால் ஏறத்தாழ 4.6 சதுர மில்லிமீட்டர். அம்முறையில் எண் ஏற ஏறக் கம்பி மெலியும், அடிக்குறிப்பு ஏற ஏறக் கட்டுரை மெலிவதுபோல. எனினும் எலக்ட்ரீசியனுக்குப் பாடபேதப் பயிற்சி இல்லாமையால் அவர் கூற்றை எச்சரிக்கையோடே ஏற்கிறோம்.

இனி ஒன்றரைக் கட்சியார். லைட்டுக்கு இழுத்த 1.5 ஒயரிலேயே கீசரையும் கொடுத்துவிடலாம், காசு மிச்சம் என்பது இவர்கள் மதம். வாசலிலிருந்து கொல்லைக்கு 20 மீட்டர் என்று கொள்க. போக 20, வர 20. 13 ஆம்பியர் ஓடினால் ஒன்றரையில் ஏறத்தாழ 82 வாட் வெப்பமாகப் போகும். இரண்டரையில் 50, நாலில் 31. மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு வெப்பம் ஏறும் என்று ஜூல் 1841-இலேயே எழுதிவைத்தார். ஒன்றரைக் கட்சியார் வீட்டில் ஆளுக்கு முன்னால் சுவர் வெந்நீர் காண்கிறது. அதற்கும் கரன்ட் பில் உண்டு.

அலுமினிய ஒயர்: பழைய வீடுகளில் காண்க, தொடாமல் காண்க.

பச்சை ஒயர், அதாவது எர்த்: இது இல்லாத வீட்டில் ஆராய்ச்சி தொடர்வது அரிது.

எஞ்சியது முப்பத்திரண்டார் கட்சி. எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று 16-ஐக் கழற்றிவிட்டு 32 ஆம்பியரை மாட்டுபவர்கள். எம்சிபி காப்பது ஒயரை. 32 ஆம்பியர் தாண்டும்வரை புதியது வாய் திறக்காது. ஒன்றரை ஒயரின் பிவிசி உறைக்கோ 70 டிகிரிதான் எல்லை. இக்கட்சியின் மூலச் சுவடிகளைத் தேடிப் போனோம். கடல் கொண்டதாகத் தெரியவில்லை; கிடைத்தவை யாவும் ஓரம் கருகியிருந்தன.